பந்தய எஞ்சின் புதுப்பிப்பு: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சினைத் தடப் பந்தயத்துக்காகப் புதுப்பிக்கிறேன். ஃபோர்ஜ்டு பிஸ்டன் வந்து சேரத் தாமதமாகும் என்பதால், பிளாக்கை முதலில் 0.50 மி.மீ. ரீபோர் செய்து (சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி) வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், பொறுத்திருங்கள். உங்கள் எஞ்சினின் மூலத் துளை 74 மி.மீ. என்பதால் 74.50 என்று கணக்குப் போட்டுத் துளைத்துவிடத் தோன்றும். ஆனால் பிஸ்டன் கைக்கு வந்து, அதன் ஸ்கர்ட்டை (பிஸ்டனின் கீழ்ப்புறச் சுவரை) தயாரிப்பாளர் காட்டிய இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்த பிறகுதான் இறுதி அளவு தெரியவரும். சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி உலோகத்துக்கு உலோகம் மாறும். 4032 அலுமினியக் கலவையில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் இருப்பதால் அது சூட்டில் குறைவாக விரியும். 2618 கலவையில் சிலிக்கான் மிகச் சொற்பம். அது அதிகம் விரிவதால் கூடுதல் இடைவெளி கேட்கும், எஞ்சின் சூடேறும் வரை பிஸ்டன் தட்டும் ஓசையும் எழும். டெட்டோனேஷனின் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதன்) அடியைத் தாங்குவதில் 2618 மேலானது என்பதால் டர்போ எஞ்சினுக்கு அதைச் சொல்வேன். டர்போ இல்லாத உங்கள் எஞ்சினுக்கு 4032 போதும்.

கடைசி ஹோனிங்கை (துளைச் சுவரை நுண்ணளவுக்குத் தேய்ப்பதை) டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக போல்ட் போட்டு இறுக்கும் தடித்த தகடு) பொருத்திச் செய்யும் பட்டறையையே தேடிப் பிடியுங்கள். ஹெட் போல்ட்டுகளை இறுக்கும்போது சிலிண்டரின் வட்டம் நுட்பமாகச் சிதைகிறது. அந்த இறுக்கத்திலேயே ஹோன் செய்தால்தான் எஞ்சினைக் கோர்த்த பின்னும் துளை வட்டமாக இருக்கும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சுவரோடு ஒட்டி உட்காரும்.

கேள்வி: ரிங் முனை இடைவெளியைக் குறைத்தால் கம்ப்ரஷன் கூடுமா?

பதில்: கூடுவது அற்பம், ஆபத்தோ பெரிது. சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் சுவர் கீறும், பிஸ்டனின் ரிங் பள்ள விளிம்பே உடையும். டர்போ இல்லாத எஞ்சினில் மேல் ரிங்குக்குத் துளை விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பழகிய தொடக்கக் கணக்கு, 74.5 மி.மீ. துளைக்கு ஏறத்தாழ 0.30 மி.மீ. வரும். ரிங் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: 6500 ஆர்.பி.எம். வரை சுற்றிய எஞ்சினை 8000 வரை கொண்டுபோக நினைக்கிறேன். பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பழைய போல்ட்டுகள் தாங்குமா?

பதில்: அவற்றை நம்பி 8000 போகாதீர்கள். பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும் நொடியில் ராட் போல்ட்டை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு உயர்கிறது. வேகம் 23 சதவீதம் கூடினால் இழுவிசை ஏறத்தாழ 50 சதவீதம் கூடிவிடும். தரமான புதிய போல்ட்டுகளைப் போட்டு, அவற்றைப் பொருத்தி இறுக்கிய நிலையில் ராடின் பெரிய முனைத் துளையை மறுபடி அளந்து, வட்டம் மாறியிருந்தால் ஹோன் செய்ய வேண்டும். பலர் இந்த அளவெடுப்பைத் தவிர்த்துவிட்டுப் பின்னர் பேரிங் ஷெல்லைக் குறை சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. போல்ட்டை இறுக்கும்போது, முடிந்த இடங்களில், டார்க் ரெஞ்சோடு நில்லாமல் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். மரையிலுள்ள எண்ணெயும் உராய்வும் டார்க் அளவை எளிதில் ஏமாற்றிவிடும்.

கேள்வி: கிராங்க் ஷாஃப்டை 0.25 மி.மீ. அரைத்தால் பலவீனமாகிவிடுமா?

பதில்: அந்த அளவு அரைப்பால் மட்டும் ஆகாது. ஜர்னலின் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதியின்) ஓர வளைவைக் கூர்மையாக விட்டுவிட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். நைட்ரைடு செய்த (மேற்பரப்பை நைட்ரஜனால் கடினப்படுத்திய) கிராங்காக இருந்தால், அரைத்த பின் மறுபடியும் நைட்ரைடு செய்யுங்கள்.

கேள்வி: கம்ப்ரஷனைக் கூட்ட ஹெட்டை அரை மி.மீ. இழைக்கலாமா?

பதில்: இழைக்கலாம், ஆனால் ஹெட் கீழே இறங்குவதால் டைமிங் பெல்ட் ஓட்டமும் மாறி, வால்வுகளைத் திறக்கும் கேம் சற்றுப் பின்தங்கும். சரிசெய்யக்கூடிய கேம் புல்லி போட்டு அதை மீட்டெடுங்கள். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, கிராங்கைக் கையால் இரு முழுச் சுற்று சுழற்றி, வால்வு பதிந்த இடத்தில் மிஞ்சும் களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இல்லாமல் அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.