ஏற்றத்தில் மூச்சு வாங்கும் ஹைலக்ஸ்

கேள்வி: என்னிடம் ‘2எல்’ என்ற ரக டீசல் எஞ்சின் பூட்டிய பழைய டொயோட்டா ஹைலக்ஸ் இருக்கிறது. கடுகண்ணாவ ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவை வீட்டிலேயே பூட்டலாமா, அண்ணா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பூட்டலாம் தம்பி. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய டர்போ வாங்கினால், அதன் விசிறி பூட்டிய ஷாஃப்டை (தண்டை) விரலால் ஆட்டிப் பாருங்கள். விசிறி கூட்டில் உரசினால் வேண்டாம். பலர் பிழைவிடுவது டர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாயில்தான். அது தடிப்பாக, நேரே கீழிறங்கி, சம்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியில்) ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். நான் முதலில் பூட்டிய வண்டியில் அது கிடையாகக் கிடந்தது; பின்னால் ஒரே நீலப் புகை. அப்புறம், இந்த எஞ்சினின் ஹெட் (மேல்மூடி) சூட்டில் கீறல் விடக்கூடியது. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை 7 பிஎஸ்ஐயோடு நிறுத்துங்கள். புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் பூட்டாமல் டீசலைக் கூட்டவே வேண்டாம். டர்போவுக்கு முன்னால் 700 பாகை செல்சியஸை நெருங்கினால் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.