கை விறைக்கிறதா? ஹாண்டிலுக்கு முதல் சீற்றைப் பாருங்கள்

கேள்வி: பரந்தனில் இருந்து கிளிநொச்சிக்கு நாளாந்தம் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருந்து ஏ9 வீதி வரை கிரவல் ஒழுங்கை. அண்ணா ஓடிய பழைய கம்பி பிறேக் சைக்கிள். கொஞ்சத் தூரத்திலேயே சின்ன விரல் விறைக்கிறது, தோள் உளைகிறது. ஹாண்டிலை உயர்த்தினால் சரிவருமா?

பதில்: சரிவரலாம். ஆனால் சீற்றைச் சரிசெய்யாமல் ஹாண்டிலைத் தொடாதீர்கள். சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும். சீற்றின் மூக்குப் பக்கம் கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னுக்கு வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையில் விழும். சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளியோரத்தால் போவதால், அங்கே அழுத்த அந்த இரண்டும்தான் விறைக்கும். மட்டமாக்கி இரண்டு நாள் ஓடிப்பாருங்கள்.

பிறகும் உளைந்தால் ஹாண்டிலை உயர்த்தலாம். பிடி சீற் மட்டத்தில், அல்லது 2 முதல் 5 சென்ரிமீற்றர் மேலே இருந்தால் போதும்.

முதலில் பிறேக் கம்பிகளின் மூட்டில் உள்ள நட்டுகளைத் தளர்த்துங்கள். இதை மறந்தால் ஹாண்டிலோடு கம்பிகளும் மேலே இழுபட்டு, பிறேக் கட்டை றிம்மைப் பிடித்துக்கொள்ளும். அடுத்தது ஹாண்டில் தண்டின் உச்சியில் இருக்கும் போல்ற். முழுதாகக் கழற்ற வேண்டாம், மூன்று நான்கு சுற்றுப் போதும். எழும்பி நிற்கும் போல்ற் தலைமேல் பலகைத் துண்டொன்றை வைத்துச் சுத்தியலால் தட்டினால், உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விடுபடும்.

மாரி வெள்ளத்தில் ஓடிய சைக்கிள் என்றால் தண்டு துருப்பிடித்து அசையாமல் நிற்கும். முன்சில்லை முழங்கால்களால் இறுக்கி முழுப்பலத்தோடு முறுக்காதீர்கள், சில்லு நெளிந்துவிடும். தண்டு குழாய்க்குள் இறங்கும் இடுக்கில் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். கழன்றதும் துருவைத் தேய்த்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசியே திரும்ப இறக்க வேண்டும்.

தண்டில் உயர எல்லைக் கோடு இருந்தால் அது வெளியே தெரியக்கூடாது. கோடு இல்லையென்றால் குறைந்தது 7 சென்ரிமீற்றராவது குழாய்க்குள் இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது: தண்டு முறிந்தால் ஹாண்டில் கையோடு வந்துவிடும்.

ஹாண்டிலைச் சில்லுக்கு நேராக்கி இறுக்குங்கள். சில்லை முழங்கால்களுக்கு இடையே பிடித்து ஹாண்டிலைத் திருப்பினால் அசையக்கூடாது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் ஆப்பு குழாயைப் புடைக்க வைத்துவிடும்.

இனிப் பிறேக். கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் விட்டுக் கம்பி நட்டுகளை இறுக்குங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள், எங்கும் உரசக்கூடாது. இரண்டு பிறேக்கையும் அழுத்திப் பார்க்காமல் ஏ9இல் ஏற வேண்டாம்.

சாமான் பையை ஹாண்டிலில் கொழுவும் பழக்கம் இருந்தால் கரியருக்கு மாற்றுங்கள். கிரவலின் குலுக்கலில் போல்ற் தளரும், ஒரு கிழமையில் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.