எவரும் இல்லை, சில்வரும் இல்லை

கேள்வி: எவர்சில்வர் தட்டையும் தூக்கையும் குடத்தையும் மாடி உயரத்துக்கு அடுக்கி நிறுத்துகிறாரே டெல்லி சுபோத் குப்தா, அது சிற்பமா? எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையிலும் அப்படித்தானே அடுக்கி வைத்திருக்கிறார்கள்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: எவர்சில்வர்! என்ன பெயர் ஐயா அது! அதில் வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது. இரும்பு, குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம், அவ்வளவுதான். நல்ல 304 ரகமென்றால் குரோமியம் 18, நிக்கல் 8. மலிவுச் சரக்கில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றியிருப்பார்கள். கையில் காந்தத்தோடு கடைக்குப் போகும் மாமாக்களே, அந்த மலிவுச் சரக்கிலும் காந்தம் ஒட்டாது. அசல் 304 குடத்திலோ, தகட்டை அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். காந்தத்தைப் பிரிட்ஜிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

'துருப்பிடிக்காத எஃகு என்று எழுதுங்கள்' என்று மாதம் தவறாமல் கார்டு போடும் தூயதமிழ் அன்பர்களுக்கு: பிடிக்கும்! உப்பு டப்பாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள்.

குப்தாவின் பாத்திர மண்டையோடு (2006) வெனிஸில் கால்வாய்க் கரையில், உப்புக் காற்றில் நின்றது. அவருடைய காளான் மேகம் (2008) 10 மீட்டர் உயரம், 26 டன். இந்த மாதிரி வேலையில் வில்லங்கமே இடுக்குதான். பாத்திரமும் பாத்திரமும் தொடுமிடத்தில் ஈரம் தங்கும், காற்று புகாது, துருவைத் தடுக்கும் குரோமியப் படலம் அங்கே அறுந்தால் திரும்ப வளராது. மெல்லிய தகட்டில் ஆர்கன் வெல்டிங், கை ஒரு நொடி தயங்கினால் ஓட்டை. வெல்டிங் சூட்டில் நீலம் பாரித்த இடத்தை அமிலப் பசை போட்டுக் கழுவாவிட்டால் முதல் துரு அங்கேதான். சாதா இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தாலோ, ஒட்டிக்கொண்ட துகள் துருவேறிப் பழி பாத்திரத்தின் மேல் விழும். உள்ளே சாதா இரும்புச் சட்டம் கொடுத்தால் வெயில் 30 டிகிரி ஏறும்போது 10 மீட்டருக்குப் பாத்திரம் 5 மில்லிமீட்டர் நீளும், சட்டம் மூன்றரைதான். போல்ட் துளையை நீளவாக்கில் வெட்டாவிட்டால் வெல்டிங் விரியும்.

ஃபிலடெல்பியாவில் அமெரிக்கச் சிற்பி ஓல்டன்பர்க் 1976-இல் நிறுத்திய 45 அடி துணிக் கிளிப்புச் சிற்பத்துக்கு இந்தக் கவலையில்லை. கார்டென் எஃகு, மேலே படியும் துருவே அதற்குச் சட்டை. தூயதமிழ் அன்பர்கள் அதற்கு 'துருப்பிடித்த எஃகு' என்று கார்டு போடலாம்.

உங்கள் கேள்வியா? கடை அடுக்கில் ஒரு மாமி அடித்தட்டுக்கு விலை கேட்டால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். குப்தாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, பற்றவைத்தாயிற்று. ஆனால் வாங்குகிறவர் பெயரை வெட்டித் தருவது கடைக்காரர்தான்.