வெயில் ஏறும் முன்னே: மனநலம் பற்றி வடசென்னை வாசகர் கேள்விகள்

நம்ம பக்கம் வசந்தம் ரொம்ப நாள் தங்காது. வேப்பம்பூ உதிர ஆரம்பிக்கும்போதே வெயிலும் ஏறிவிடும். ஆனாலும் பங்குனி மாதத்துக் காலைப் பொழுதில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சம் இருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில் அந்தக் காலை நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

காரணமே இல்லாமல் மனசு பாரமாக இருக்கிறது. வாக்கிங் போ என்கிறார்கள். போக மனசு வந்தால்தானே?
*வாசகி, தண்டையார்பேட்டை*

மனசு வரட்டும் என்று காத்திருந்தால் நாள்தான் போகும், அம்மா. சோர்ந்த மனசுக்கு ஆர்வம் முதலில் வராது. கால் நடந்த பிறகுதான் மெல்ல வரும். அதனால் வாக்கிங் என்று பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பால் பாக்கெட் வாங்கப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, திரும்பும் வழியில் இரண்டு தெரு சுற்றி வாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால், பொழுது விடிந்தது என்று மூளைக்குள் இருக்கும் கடிகாரம் புரிந்துகொள்ளும். அன்று இரவு தூக்கமும் நேரத்துக்கு வரும். மேகம் மூடிய வானம்கூட வீட்டு டியூப் லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

இரண்டு வாரத்துக்கு மேலும் பாரம் இறங்கவில்லை, பசி, தூக்கம் கெடுகிறது என்றால் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போய்க் காட்டுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே என் வீட்டுக்காரர் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிடுவார். இந்த வருடமாவது தடுக்க முடியுமா?
*வாசகி, காசிமேடு*

முடியும். ஆனால் இப்போதே தொடங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நின்றுபோவது வருமானம் மட்டுமில்லை. நேரம் தெரியாமல் வலை இழுத்த உடம்புக்குத் திடீரென்று செய்ய ஒன்றுமில்லை. கடலில் கூடவே இருந்த ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். குடி அந்த வெற்றிடத்தில்தான் நுழைகிறது. அவரைச் சோம்பேறி என்று பேசுகிறவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, எஞ்சின் வேலை, வலை சரிசெய்வது எல்லாம் எப்படியும் நடக்க வேண்டியவைதான். அதை முதல் பத்து நாளில் அடித்துப் பிடித்து முடித்துவிடுவதில்தான் வம்பே. தினமும் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை என்று இரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். தனியாக வேண்டாம், கூட்டாளிகளோடு செய்யட்டும். வலைக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்தால் கை ஓடும்போது வாயும் பேசும். மனசுக்குள் கிடப்பதை வெளியே கொண்டுவர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சாயங்காலம்தான் கஷ்டம். குடிக்கணும் என்ற வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரம் பார்த்து வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். கேரம் ஆடுகிற இடத்துக்கு அனுப்புங்கள். வெறும் வயிறும் வெறும் கையும் சேரக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலைக்கு வந்திருந்தால், ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி மிரட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும்.

எங்களுடையது ஷீட் கூரை போட்ட வீடு. ராத்திரி ஒரு மணி வரை புழுக்கம். தூக்கம் கெட்டு எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.
*வாசகர், கொருக்குப்பேட்டை*

உடம்புச் சூடு சற்று இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். பகல் முழுக்கச் சூடேறிய கூரை அதற்கு விடாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி உள்சூடு வெளியேறும். கூரை மேல் தென்னங்கீற்றோ நனைத்த சாக்கோ போட வசதி இருந்தால் போடுங்கள். நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். தூங்காத ராத்திரிக்கு ஈடாக மறுநாள் பத்து மணி வரை படுத்திருக்காதீர்கள், அடுத்த ராத்திரியும் கெடும். மதியம் இருபது நிமிடம் கண் மூடினால் போதும். உங்கள் கோபத்துக்குப் பாதிக் காரணம் தூக்கமின்மை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பிளஸ் டூ படிக்கும் மகள் பரீட்சை பயத்தில் சாப்பிடுவதே இல்லை.
*வாசகி, பெரம்பூர்*

'எப்படி எழுதின' என்று வாசலிலேயே கேட்காதீர்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் குளியல், பேச்சு கடைசியில். பயம் ஏறும்போது மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடச் சொல்லிக் கொடுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள்.

மனநல மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறது, நிறுத்தலாமா?
*வாசகர், திருவொற்றியூர்*

நன்றாக இருப்பதே மாத்திரையால் இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவரானால் வெயில் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம் என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால்?
*பெயர் வேண்டாம், வியாசர்பாடி*

14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பெயர் சொல்ல விருப்பம் இல்லையென்றாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்.