எத்தனால் கலக்காத பெட்ரோல்: கேளுங்கள், சொல்கிறேன்

சின்ன எந்திரங்களைப் பிரித்து மாட்டுவதுதான் 22 வருடமாக என் வேலை. புல்வெட்டி, செயின்சா, மருந்து தெளிப்பான், ஜெனரேட்டர், படகு மோட்டார், பழைய இருசக்கர வண்டிகள் எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். இ10 என்றால் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ20 என்றால் 20 சதவீதம்.

கார்க்காரர்: என் காருக்கு ஏழு வயது, இன்ஜெக்ஷன் எஞ்சின். எத்தனால் இல்லாத பெட்ரோலைத் தேடிப்போய்ப் போடுவதில் பலன் உண்டா?

உங்கள் கையேடு இ10 போடலாம் என்று சொன்னால் தேட வேண்டாம். உங்கள் காரில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, கலவை மாறினால் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இ10 போட்டால் மைலேஜ் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். வித்தியாசம் அவ்வளவுதான். தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் தேங்குவதே இல்லை, தேங்காத இடத்தில் எத்தனால் பெரிதாக ஒன்றும் செய்யாது.

மரம் அறுப்பவர்: இரண்டு செயின்சா வைத்திருக்கிறேன். ஒன்று போன மாதம் பிஸ்டன் ஜாம் ஆகி நின்றுவிட்டது. ஆயில் சரியாகத்தான் கலந்தேன். கேனில் இருந்தது நாலு மாதப் பழைய இ10. எத்தனால்தான் காரணமா?

இருக்கலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் உங்கள் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சாவதற்கு எத்தனால் இரண்டு வழி திறந்துவைக்கிறது.

முதல் வழி, கலவை மெலிவது, அதாவது காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லாமல் போவது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. சுத்தமான பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ10க்கு 14.1 போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டுக்கு இது எப்படித் தெரியும்? அது பழைய கணக்கிலேயே விடுகிறது, எஞ்சின் கொஞ்சம் சூடாக ஓடுகிறது. கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிற கார்புரேட்டரில் சரிசெய்துகொள்ளலாம். திருகை மூடி போட்டு அடைத்திருக்கும் மாடலில் வழியில்லை. ஆனால் இ10 அளவுக்கு இதனால் மட்டும் ஜாம் ஆவது அபூர்வம்.

இரண்டாவது வழிதான் ஆபத்தானது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். 15 டிகிரி வெப்பத்தில் இ10 பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினாலோ, குளிர் கூடித் தாங்கும் சக்தி குறைந்தாலோ, எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு கேனின் அடியில் போய்ப் படிந்துவிடும். உங்கள் ஆயில் எங்கே இருக்கும்? மேலே, பெட்ரோலோடு. செயின்சாவின் உறிஞ்சு குழாய் எங்கே கிடக்கும்? டேங்க்கின் அடியில், எடைக்கல்லோடு. ஆக, பிரிந்துபோன கலவையை ஊற்றினால் எஞ்சின் குடிப்பது ஆயிலே இல்லாத எத்தனால் தண்ணீரை. பிஸ்டனில் கோடு விழ சில நிமிடம் போதும்.

அந்தக் கேனில் மிச்சம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. காற்றின் ஈரத்தாலேயே இது நடந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள், இறுக மூடிய கேனில் அது மிக மெதுவாகத்தான் நடக்கும். நான் பார்த்த கேன்களில் பெரும்பாலும் மூடி சரியில்லாமல் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது.

இனிமேல் எத்தனால் இல்லாத பெட்ரோலில், உங்கள் கையேடு 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் வீதம், ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து வையுங்கள். எப்போதாவதுதான் அறுப்பீர்கள் என்றால் ஆல்கிலேட் பெட்ரோல் வாங்கலாம். எத்தனால் இல்லை, புற்றுநோய் தரும் பென்சீன் மிகச் சொற்பம், மூடிய டப்பாவில் வருடக்கணக்கில் கெடாது. விலை அதிகம், ஆனால் பிஸ்டனும் சிலிண்டரும் அதைவிட அதிகம்.

நெடுஞ்சாலை: பிரீமியம் பெட்ரோல் என்றால் எத்தனால் இல்லாததுதானே?

இல்லை. பிரீமியம் என்பது ஆக்டேன் அளவு பற்றியது, அதாவது எஞ்சினுக்குள் நேரம் தவறித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பது; எத்தனால் இருக்கிறதா என்பது வேறு விஷயம். எத்தனாலின் ஆக்டேன் 100க்கும் மேல், அதனால் ஆக்டேனை ஏற்றுவதற்கே அதைக் கலக்கிறார்கள். பம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், விற்பவரைக் கேளுங்கள்.

இருட்டில் இருப்பவர்: ஜெனரேட்டரை வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் ஓட்டுவேன். ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. எத்தனால் இல்லாததுக்கு மாறினால் தொல்லை தீருமா?

பாதி தீரும். இந்த இடத்தை எல்லோரும் கவனியுங்கள்: எத்தனால் இல்லாத பெட்ரோலும் கெட்டுப்போகும். தண்ணீர்த் தொல்லை குறையும், துத்தநாக, அலுமினிய பாகங்களில் பூக்கும் வெள்ளைப் பொடி குறையும், அவ்வளவுதான். பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போவதும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாவதும் எந்தப் பெட்ரோலிலும் நடக்கும். ஜெட்டின் துளை ஊசி முனை அளவு. அதை அடைக்க ஒரு பொட்டுப் பிசின் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஓட்டி முடித்ததும் டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் திறப்பை (காக்) மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுவது. அப்புறம் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தின் (ஃப்ளோட் பவுல்) அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள். தானாக நின்றாலும் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் தேங்கியிருக்கும், அந்த ஒரு ஸ்பூன்தான் பிசினாகிறது. டேங்க்கைக் காலியாக வையுங்கள். முடியாவிட்டால், விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு ஏறக்குறைய நிரப்பி வையுங்கள். பாதி டேங்க்தான் மோசம், பகலிலும் இரவிலும் காற்று உள்ளே போய் வந்துகொண்டே இருக்கும்.

டிராக்டர் வீடு: டீசலில் பயோடீசல் கலப்பது பற்றி?

அது என் துறை இல்லை. டீசல் பம்ப் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

சந்தேகக்காரர்: விற்பவர் எத்தனால் இல்லை என்கிறார். வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றுங்கள். மூடிக் குலுக்கி, மூடியைக் கொஞ்சம் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் நிற்க வையுங்கள். அடியில் உள்ள தண்ணீர் 10லேயே நின்றால் எத்தனால் இல்லை. 18, 19 வரை உயர்ந்தால் அது இ10, தண்ணீரின் பக்கம் எத்தனால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை மறுபடி டேங்க்கில் ஊற்றாதீர்கள்.

கழுவிப் பார்த்தவர்: ஏன் ஊற்றக்கூடாது? நான் இரண்டு வருடமாக இப்படித்தான் 10 லிட்டர் கேனில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அடித் தண்ணீரை வடித்துவிட்டு, மேலே இருக்கும் சுத்தப் பெட்ரோலைப் புல்வெட்டிக்குப் போடுகிறேன். அருமையாக ஓடுகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலை ஏன் அதிக விலைக்கு வாங்க வேண்டும்?

ஐயா, தயவுசெய்து நிறுத்துங்கள். முதலில் ஆக்டேன். எத்தனால் கலக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே சுத்திகரிப்பு ஆலை அடிப்படைப் பெட்ரோலைக் குறைந்த ஆக்டேனில் தயாரிக்கிறது. அமெரிக்காவில் 87 என்று விற்கும் இ10ஐ 84 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் சேர்த்துத்தான் செய்கிறார்கள். நீங்கள் எத்தனாலைக் கழுவி எடுத்தால் மிஞ்சுவது அந்த 84. எத்தனால் இல்லாதது என்று கடையில் விற்பதை ஆக்டேன் குறையாமல் வேறு வகையில் சரிக்கட்டித் தயாரிக்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல.

கழுவிப் பார்த்தவர்: என்னுடையது பழைய சைடு வால்வு எஞ்சின், கம்ப்ரஷன் குறைவு, 6க்கு 1தான். அதற்கு 84 எதேஷ்டம்.

அந்த எஞ்சினுக்கு ஆக்டேன் போதும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்னொருவர் செயின்சாவிலும் பைக்கிலும் ஊற்றுவார், அங்கே பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டி (‘நாக்’) பிஸ்டன் போகும். அப்புறம், உங்கள் கேனில் 10 லிட்டருக்கு 9 லிட்டர்தான் மிஞ்சுகிறது, அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். கழுவிய பெட்ரோல் தண்ணீரைத் தன்னால் முடிந்த மட்டும் குடித்த நிலையில் இருக்கிறது, கொஞ்சம் குளிர்ந்தாலும் துளியாக விட்டுவிடும். எல்லா எத்தனாலும் ஒரே கழுவலில் போவதும் இல்லை.

எனக்குப் பெரிய பயம் வேறு. பிளாஸ்டிக் கேனில் 10 லிட்டர் பெட்ரோலைக் குலுக்குகிறீர்கள். ஆவி அழுத்தம், நிலைமின்சாரம், ஒரு பொறி. வடித்த தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? அதில் புற்றுநோய் தரும் பென்சீன் கரைந்திருக்கிறது, எத்தனால் இருப்பதால் இன்னும் கூடுதலாகக் கரைகிறது. அது மண்ணில் இறங்கினால் கிணற்றுக்குத்தான் போகும்.

கழுவிப் பார்த்தவர்: செடி இல்லாத மூலையில்தான் ஊற்றுகிறேன்.

அந்த மூலைக்கு அடியிலும் நிலத்தடி நீர் இருக்கிறது ஐயா. மிச்சம் இருப்பதை மூடி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

நடுவில் ஒருவர்: கழுவிவிட்டு ஆக்டேன் பூஸ்டர் சேர்த்தால்?

பூஸ்டர் விலையையும் சேர்த்தால் நல்ல பெட்ரோலே வாங்கிவிடலாம். தீ, பென்சீன் இரண்டும் அப்படியேதான் இருக்கும். கழுவுவது பற்றி இதற்கு மேல் நான் பதில் எழுத மாட்டேன்.

வானம்: விமானப் பெட்ரோலில் எத்தனால் இல்லையாமே, புல்வெட்டிக்குப் போடலாமா?

சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலில் எத்தனால் இல்லை, ஆனால் ஈயம் இருக்கிறது. காரில் போட்டால் ஆக்சிஜன் சென்சாரும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடும். புல்வெட்டி ஓடும், அதன் புகையை மூச்சில் வாங்கப்போவது நீங்கள். வேண்டாம்.

புதியவர்: 95 ஆக்டேனுக்குப் பதில் 98 வாங்கினால் எத்தனால் இருக்காதுதானே?

மேலே ‘நெடுஞ்சாலை’க்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஸ்டெபிலைசர் பிரியர்: பிரிந்துபோன பெட்ரோலில் ஸ்டெபிலைசர் ஊற்றினால் மறுபடி சேருமா?

சேராது. ஸ்டெபிலைசர் பெட்ரோல் புதிதாக இருக்கும்போது ஊற்ற வேண்டியது, பிசினாவதைத் தள்ளிப்போடும். பிரிந்ததைச் சேர்க்கும் மருந்து எதுவும் டப்பாவில் வருவதில்லை. அப்புறம் மறுபடியும் சொல்கிறேன், எத்தனால் இல்லாததும் கெட்டுப்போகும், அதற்கும் ஸ்டெபிலைசர் ஊற்றலாம்.

படகு: பழைய ஃபைபர் டேங்க் உள்ள படகு. அவுட்போர்டு மோட்டார்.

உங்களுக்கு எத்தனால் இல்லாததுதான், பேச்சே இல்லை. பழைய பாலியஸ்டர் பிசினில் செய்த ஃபைபர் டேங்க்கை எத்தனால் கரைக்கும். கரைந்தது எஞ்சினுக்குள் போய் வால்வில் கருப்பாக ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே இ10 ஊற்றியிருந்தால் டேங்க்கின் உட்புறம் மெத்தென்று ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள்.

மூன்றாம் நபர்: பிரீமியத்தில் எத்தனால்...

மேலே பாருங்கள்.

அப்பாவின் ஸ்கூட்டர்: அப்பா ஓட்டிய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஒன்பது வருடமாக நிற்கிறது. அவர் இப்போது இல்லை. ஓட வைக்க ஆசை. எத்தனால் இல்லாத பெட்ரோல் ஊற்றிக் கிக் அடித்துப் பார்க்கலாமா?

இன்னும் ஊற்றாதீர்கள் தம்பி, கிக்கையும் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைவழியாக ஒரு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறம் பிளக் இல்லாமலே கையால் கிக்கை மெதுவாக அழுத்திப் பாருங்கள். இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாக மிதிக்காதீர்கள், ரிங் உடையும்.

அது இளகினால் டேங்க். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ஓ-ரிங், காக்கின் வாஷர் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்ததல்ல, பார்க்க நன்றாக இருந்தாலும் நனைந்ததும் ஊறி ஒழுகும். புதிதாக வாங்கும்போது விட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், பிறகு வேறு வழியில்லாமல் ஒருநாள் இ10 ஊற்ற நேர்ந்தாலும் தாங்கும். ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, நைலான் இழையோ ஒற்றைச் செப்பு இழையோ விட்டு எடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு எத்தனால் இல்லாத பெட்ரோலில் உங்கள் வண்டிக்குரிய அளவு ஆயிலைக் கலந்து அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். முதல் புகை வெள்ளையாக, நிறைய வரும், சிலிண்டரில் விட்ட ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் அணைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், பிளக்கின் முனை என்ன நிறத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.