முதலில் தொட்டிலா, தொழிற்சாலையா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஜனமும் பெருகுகிறது, தொழிலும் பெருகுகிறது. எங்கள் ஊரில் ஆரம்பப் பள்ளியை மூடிவிடுவார்களோ என்கிற அளவுக்குப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஊர் முன்னேற முதலில் மக்கள்தொகை பெருக வேண்டுமா, தொழிற்சாலை வர வேண்டுமா? தலைவர்களே பதினாறு பெறச் சொல்லிப் பேசுகிறார்களே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேடபட்டி, மதுரை மாவட்டம்

பதில்: பெற்றுக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? இன்று பிறக்கிற பிள்ளை சம்பாதிக்க 20 வருஷம் ஆகும். அப்போதும் அது சேடபட்டியிலா சம்பாதிக்கப்போகிறது? பனியன் தைக்கத் திருப்பூருக்குப் போகும். இல்லையென்றால் உசிலம்பட்டிக்காரர்கள் எப்போதோ போட்டுவைத்த வழியில் முறுக்குச் சுட வடக்கே ரயிலேறும்.

திருமங்கலத்தில் முதலில் தொட்டில் ஆடி, அப்புறம் தொழில் வந்ததாக நினைக்கிறீர்கள். நான்கு வழிச் சாலை, ரயில் நிலையம், கூப்பிடு தூரத்தில் கப்பலூர் தொழிற்பேட்டை. ஆள் அங்கே போய்ச் சேர்ந்தது. அதில் உங்கள் ஊர் ஆளும் உண்டு. 2001-ல் 25.78 லட்சமாக இருந்த மதுரை மாவட்டம் 2011-ல் 30.38 லட்சம் ஆனது உண்மை. ஆனால் அதில் பத்துக்கு ஆறு பேர் நகர்ப்புறக் கணக்கு. மாவட்டம் வளர்ந்ததென்றால் சேடபட்டியும் வளர்ந்தது என்று பொருளில்லை.

பதினாறு விஷயத்துக்கு வருகிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. தலைமுறை சுருங்காமல் இருக்க 2.1 வேண்டும். இந்த 1.8-ஐத் தீர்மானித்தவர்கள் பள்ளிக்கூடம் போன பெண்கள். 1980-களில் உசிலம்பட்டி என்றாலே வெளியூர்க்காரன் வாயில் பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கதைதான். அந்தச் சீமைப் பெண்ணிடம் மேடையேறி 'இன்னும் பெறு' என்று சொல்ல அசாத்திய துணிச்சல் வேண்டும்.

சரி, தொழிற்சாலை? மதுரை தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024-ல். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய மதுரை - போடி ரயில் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் மறுபடி போய்ச் சேர்ந்தது. அறிவிப்பை நம்பி ஊரோடு உட்கார்ந்திருக்க முடியுமா?

உங்கள் வட்டத்திலேயே இதற்குப் பதில் சொன்ன ஒருவர் வாழ்ந்திருக்கிறார். லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கடைசி வருஷங்களைக் கழித்தார், 1960-ல் காலமானார். கிராமத்து விளைச்சல் பச்சையாக வெளியேறிப் பண்டமாகத் திரும்பினால், இடையில் உள்ள கூலியெல்லாம் வெளியூரில் தங்கிவிடும் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் அவர். உங்கள் கரிசலில் விளைகிற பருத்தியையே பாருங்கள். மூட்டையாகப் போகிறது, நைட்டியாகத் திரும்பி வருகிறது. நடுவில் அரைத்தது, நூற்றது, நெய்தது, தைத்தது எல்லாம் யாருக்கோ சம்பளம். காந்தி ஜயந்திக்குக் குமரப்பாவுக்கும் மாலை போடுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் கேட்பதில்லை.

இன்னொன்று. உங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது. கையில் இருப்பது 2011 கணக்கு, அடுத்தது 2027-ல்தான். ரேஷன் கார்டில் ஐந்து பெயர், வீட்டில் தாத்தாவும் அப்பத்தாவும். மாசிப் பச்சைக்குக் குலசாமி கும்பிட வருகிற கூட்டத்தை எண்ணினால் ஊர் நிறைந்துதான் இருக்கும். மறுநாள் காலைப் பேருந்தில் காலியாகிவிடும்.

இந்தக் காலியைக் குறைக்க உடனே ஆகிற காரியம் ஒன்று உண்டு. 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் மதுரை ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் கடை அடைத்த பிறகு ஊர் திரும்ப வண்டி இருந்தால்தானே அந்தச் சலுகை? வண்டி இல்லையென்றால் அவள் வில்லாபுரத்தில் ஒற்றை அறை எடுப்பாள். அப்புறம் பிள்ளையைக் கூட்டிப்போவாள். உங்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறையும்.

அடுத்த கிராம சபையில் தொழிற்சாலை கேட்டுத் தீர்மானம் போடாதீர்கள். ராத்திரி கடைசி பஸ்ஸுக்குப் போடுங்கள், நேரத்தையும் எழுதி. நகல் அனுப்பினால் இதே பக்கத்தில் அச்சிடுகிறோம். உங்கள் பெயர் இல்லாமலேயே.