சங்கக்காரர் மகள் எச்.ஆர். படிக்கலாமா?

ஆம்பூர் அண்ணனுக்கு,

போன சனிக்கிழமை மேற்படிப்புக்கு யோசனை கேட்க வேலூருக்கு என்னிடம் மகளை அழைத்து வந்தபோது, "இருபது வருஷமா ஷூ கம்பெனியில சங்கத்துல இருக்கேன் சார். இவ எச்.ஆர். படிச்சு எங்க ஆளுங்களையே வீட்டுக்கு அனுப்பணுமா?" என்றீர்கள். பாப்பா தலையைக் குனிந்துகொண்டது. வெளியே கூட்டம் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகத்தான் பேசினேன்.

அண்ணே, அந்த எச்.ஆர். (மனிதவளத் துறை) நாற்காலியைப் போட வைத்ததே சங்கம்தான். அந்தக் கால மில்களில் ஆள் எடுப்பதும் விரட்டுவதும் மேஸ்திரி வைத்ததே சட்டம். பெரம்பூர் பி அண்டு சி மில்காரர்கள் சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேலதிகாரி அடிக்கிறார் என்று முறையிட்டது வெளியே இருந்த வியாபாரிகளான செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜலு நாயுடுவிடமும்தான். கேட்க மில்லுக்குள் ஆளில்லை. 1918 ஏப்ரல் 27-இல் ஹோம்ரூல் இயக்கத்துக்காரரான பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் கூட நின்றார். நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியது. அந்தச் சூட்டில்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

பிறகு தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-இல், ஆலைகளுக்குத் தொழிலாளர் அதிகாரி வேண்டும் என்றது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. இன்றைய எச்.ஆர். துறையின் ஒரு வேர் அது. (சட்டங்கள் இப்போது நான்கு தொகுப்புகளாகிவிட்டன. பழையது தெரியாமல் புதியது புரியாது.)

கம்பெனி வாசலருகே நிலையாணைகள் (வேலை விதிகள்) ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். லீவு, ஷிப்ட், சஸ்பென்ஷன் எல்லாம் தமிழிலும் இருக்கும். பழைய 1946 சட்டப்படி, நிர்வாகம் எழுதும் வரைவை அரசின் சான்றளிக்கும் அதிகாரி சங்கத்துக்கும் அனுப்பி ஆட்சேபம் கேட்ட பிறகே ஒப்புதல் தந்தார். புதிய தொகுப்பிலும் சங்கத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். வரைவு எழுதும் மேசையில் பாப்பா, ஆட்சேபம் எழுதும் மேசையில் நீங்கள். எழுதுகிறவளுக்கு ஷூ லைன் தெரிந்திருந்தால் உங்களுக்கு நஷ்டமா?

பளபளப்பான எம்.பி.ஏ. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் தொழிலாளர் சட்டத்துக்கு ஒரே ஒரு தாள்தான். சென்னையில் அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் சமூகப்பணி முதுகலை. எங்கே சேர்த்தாலும், அந்தப் பட்டம் நல அலுவலர் பதவிக்கு ஏற்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது பி.காம். மார்க் ஷீட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். இந்த முறை பாப்பா பேசட்டும்.